கடையில் ஏற்றிவிட்ட அன்டிவைரஸை இறக்கிய கதை

பழுது பார்க்கக் கொடுத்த கணினி கிளிநொச்சியில் ஒரு கடையிலிருந்து அன்டிவைரஸோடு திரும்பி வந்தது. பில்லில் அதற்கும் தனியாக ஒரு தொகை. ஏற்றியிருந்ததோ 30 நாள் இலவசப் பதிப்பு. நாள் முடிந்ததும் வலது மூலையில் சிவப்புக் குறி, காசு கட்டச் சொல்லி ஓயாத அறிவிப்பு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசொஃப்றின் சொந்த அன்டிவைரஸான டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. வேறொன்றை ஏற்றினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். வீட்டுப் பாவனைக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் முடிவு.

கொன்ரோல் பனலில் அன்இன்ஸ்ரோல் செய்ததும் வேலை முடியவில்லை. டிஃபெண்டரைத் தட்டினால் "நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்" என்ற ஒரே வசனம். வீட்டுக் கணினிக்கு எந்த நிர்வாகி? பழைய அன்டிவைரஸின் மிச்சம் மீதி உள்ளே கிடந்தாலும் இப்படி வரும், யாராவது விண்டோஸின் பொலிசி அமைப்பை (நிர்வாகி போடும் கட்டுப்பாடுகளை) மாற்றியிருந்தாலும் வரும். பெரிய அன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் தங்களுடையதை அடியோடு துடைக்க இலவசக் கருவி ஒன்று வைத்திருக்கின்றன. அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து, விண்டோஸ் அத்தியாவசியமானதோடு மட்டும் ஏறும் சேஃப் மோடில் ஓட்டி, றீஸ்ராட் செய்தபின்தான் டிஃபெண்டர் எழும்பியது.

எழும்பியும் அதன் வைரஸ் பட்டியல் பழசு. புதுக்குடியிருப்புப் பக்கம் வீடுகளில் டொங்கிள் டேட்டாதான். டேட்டா மிச்சம் பிடிக்க அந்த இணைப்பை விண்டோஸில் "மீற்றேர்ட்" (அளந்து பாவிப்பது) என்று குறித்து வைத்திருந்தால் அப்டேற் தங்கிவிடும். பட்டியலைத் தனிக் கோப்பாக மைக்ரோசொஃப்ற் தளத்தில் எடுக்கலாம். அளவு 100 எம்பிக்கு மேல். டவுனில் ஒரு கம்யூனிகேஷனில் பென்ட்ரைவில் எடுத்துத் தந்தார்கள், என் 64-பிட் விண்டோஸுக்கு 32-பிட் கோப்பை! 32-பிட், 64-பிட் இரண்டுக்கும் கோப்பின் பெயர் ஒன்றே, பெயரைப் பார்த்துப் பிடிக்க வழியில்லை. பஸ் காசும் அரை நாளும் போயிற்று. உங்கள் விண்டோஸும் 64-பிட் என்றால், டவுண்லோட் பண்ணும்போதே பக்கத்தில் நின்று "64-பிட்" என்ற இணைப்பை அழுத்துகிறார்களா என்று பாருங்கோ.

அதே பென்ட்ரைவ் இன்னொரு சாமானையும் கொண்டு வந்தது. கோப்புறைகள் எல்லாம் சோர்ட்கட்டாக மாறி நின்றன. அந்தச் சோர்ட்கட்டைத் திறக்கவே கூடாது, திறந்தால்தான் வைரஸ் கணினிக்குள் இறங்கும். கோப்புகள் அழிந்துவிடவில்லை, ஒளிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் டிஃபெண்டரால் பென்ட்ரைவை ஸ்கான் செய்யவேணும். பிறகு கொமான்ட் விண்டோவில் (cmd) பென்ட்ரைவின் எழுத்துக்கு (E: போல) மாறி, 'அட்ரிப்' கட்டளையோடு எச், எஸ், ஆர் மூன்றையும் கழித்தல் குறி போட்டு, கோப்புறைகளுக்கும் சேர கடைசியில் /s /d போட்டு (attrib -h -s -r *.* /s /d) அடித்தால் எல்லாம் வெளியே வரும். ஃபோர்மற் பண்ணச் சொல்பவரிடம் பென்ட்ரைவைக் கொடுக்காதீங்கோ, பிள்ளையின் சோதனைக் குறிப்பும் சேர்ந்து போய்விடும்.

உண்மையில் வயிறெரிந்த இடம் எக்ஸ்குளூஷன் பட்டியல். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் வைரஸ் பகுதியின் மனேஜ் செற்றிங்ஸில் கடைசியில் ஒளிந்திருக்கும். அங்கே சி ட்ரைவ் முழுவதும் "பார்க்காதே" என்று போட்டிருந்தது. விண்டோஸைக் கள்ளமாக அக்டிவேற் பண்ணும் கருவியை டிஃபெண்டர் பிடித்து அழித்துவிடும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். கதவைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைக்கிற வேலை. அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கவேணும். டிஃபெண்டரின் அமைப்பை வேறு மென்பொருள் மாற்றாமல் காக்கும் ராம்பர் ப்ரொடெக்ஷன் ஓனில் இருக்கவேணும்.

அதை அழித்த கையோடு ஒஃப்லைன் ஸ்கானையும் ஓட்டினேன். கணினி தானாக அணைந்து எழும்பி, விண்டோஸ் ஏறமுதல் கால் மணித்தியாலமளவு பார்க்கும். கரண்ட் போய் வருகிற நேரத்தில் தொடங்காதீங்கோ.

வேலை செய்கிறதா என்று பார்க்க 'ஐக்கார்' என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு இருக்கிறது. வைரஸ் இல்லை, ஆனால் எந்த அன்டிவைரஸும் பிடிக்கவேணும். சேமித்த உடனே டிஃபெண்டர் அதைத் தூக்கியது. அந்தச் சிறிய அறிவிப்பைக் கண்டபோது வந்த நிம்மதி சொல்லி மாளாது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2025 ஒக்டோபர் 14 உடன் அதன் வழக்கமான பாதுகாப்பு அப்டேற் நின்றுவிட்டது. வைரஸ் பட்டியல் தொடர்ந்து வந்தாலும் விண்டோஸில் உள்ள ஓட்டையை அது அடைக்காது. கணினி 11ஐத் தாங்குமா என்று மைக்ரோசொஃப்றின் பிசி ஹெல்த் செக் சொல்லும், அதற்குக் கடைக்கு ஏறத் தேவையில்லை. பிரிண்ட் எடுக்கப் போனால் பென்ட்ரைவை விட்டுவிட்டு பிடிஎஃபை வட்ஸப்பில் அனுப்புங்கோ.