விசுவமடுவிலிருந்து அறிவியல்நகருக்கு: ஒரு பங்கு வானை ஓடவைத்த கதை

எங்கள் பக்கத்திலிருந்து அறிவியல்நகருக்குப் போகும் வழி சிக்கலானதல்ல. ஏ-35 வீதியால் விசுவமடு, தருமபுரம் கடந்து பரந்தன் சந்திக்கு வந்து, ஏ-9 இல் தெற்கே திரும்பி, கிளிநொச்சி நகரைத் தாண்டினால் வளாகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. நான் அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

சிக்கல் பஸ்ஸில்தான். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் பரந்தனில் வடக்கே திரும்பிவிடும். நாங்கள் சந்தியில் இறங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்கெனவே நிறைந்து வரும் பஸ்ஸில் தொங்க வேண்டும். கொழும்பு பஸ்கள் கையைக் காட்டினாலும் நிற்பதில்லை. அவர்களுக்குத் தூரப் பயணிகள்தான் வேண்டும். காலையில் எப்படியோ நெருக்கியடித்துப் போய்ச் சேர்ந்துவிடலாம். பின்னேரம் பிராக்டிக்கல் முடிந்து, கைகழுவி, பைலைக் கொடுத்துவிட்டு வீதிக்கு வரும்போதுதான் கஷ்டம். பொழுதுபட்டபின் பரந்தன் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு மகளுக்காகக் காத்து நிற்கும் தகப்பன்மாரை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பிள்ளைகள் பலர் போர்டிங் எடுப்பதற்குக் காரணம் இந்தப் பின்னேரம்தான். தோட்டமும் கூலியும் நம்பியிருக்கிற குடும்பங்களுக்கு போர்டிங் காசு சின்னத் தொகை இல்லை.

வான் யோசனை 2022 இல் வந்தது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். அந்த யூலையில் காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே யாழ் ராணி ரயில் ஓடத் தொடங்கியது, யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஏ-35 பக்கம் தண்டவாளம் இல்லை. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று கியூஆர் முறையில் கிடைத்த பெற்றோலை நாலைந்து பேர் சேர்த்துப் பார்த்தோம். ஒரு விரிவுரையாளர் தன் காரில் எங்களை ஏற்றினார். 2023 செப்டம்பரில் கியூஆர் கட்டுப்பாடு நீங்கியதும் ஆளாளுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பெற்றோல் விலை அதற்கு விடவில்லை. அப்புறம் ஒருநாள் தேநீர் நேரத்தில், ஒரு ஹையேஸ் வானைப் பேசினால் என்ன என்று கேட்டேன். சரி, நீங்களே பாருங்கோ என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

சாரதி எங்கள் ஊர்த் தம்பிதான். பேசப் போன அன்றே அவர் வெளிப்படையாகச் சொன்னார்: "அண்ணை, வான் லீசிங்கில நிக்குது. நீங்கள் ஏறினாலும் ஏறாட்டிலும் மாசம் பிறந்தா நான் கட்டவேணும்." அந்த ஒரு வசனத்தில்தான் எங்கள் முழு ஒழுங்கும் கட்டப்பட்டது. ஓடிய நாளுக்கு மட்டும் காசு என்றால் அவரால் தாங்க முடியாது. ஆனால் மாணவர்களுக்குப் படிப்பு விடுமுறை, பரீட்சை, பீட விடுமுறை என்று ஆண்டில் பல வாரங்கள் போகின்றன. வராத வாரத்துக்கு அவர்கள் எப்படிக் கொடுப்பது? போதாக்குறைக்கு அவர்களிடம் இ.போ.ச. சீசன், அதாவது அரச பஸ்ஸுக்கான மாதச் சீட்டு, இருக்கிறது. தனியார் பஸ்ஸில் அது செல்லாது, அரச பஸ் வரும்வரை நிற்க வேண்டும், ஆனாலும் மிகக் குறைந்த செலவு அதுதான். வான் காசை அதோடு ஒப்பிட்டுப் பார்க்காத மாணவர் இல்லை.

பல பின்னேரங்கள் இதையே பேசினோம். "ஒரே சீற்றில்தானே இருக்கிறம், நாங்கள் ஏன் கூடக் கொடுக்கவேணும்?" என்று ஊழியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் வந்த முடிவு இது: சம்பளம் எடுக்கும் நாங்கள் மாதம் முழுவதற்கும் கொடுப்போம், லீசிங் தவணை அதற்குள் அடங்கிவிட வேண்டும். மாணவர்கள் விரிவுரை நடக்கும் வாரங்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். விசுவமடுவில் ஏறுபவருக்கு ஒரு தொகை, தருமபுரத்தில் ஏறுபவருக்குக் கொஞ்சம் குறைவு, பரந்தனில் ஏறுபவருக்கு இன்னும் குறைவு. கேள்வி கேட்டவரும் ஒப்புக்கொண்டார். அவருடைய மூத்த பிள்ளை அப்போது பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். படித்துக்கொண்டிருந்தது.

காசு பேசுமுன் பத்திரங்களைப் பார்த்தோம். வானின் காப்புறுதி சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்ததாக இருந்தால், காசு வாங்கி ஆட்களை ஏற்றும்போது விபத்து நடந்தால் நட்டஈடு கிடைக்காமல் போகலாம். வாடகைப் பாவனைக்கு மாற்றச் சொன்னோம். கூடுதல் கட்டணத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். ஏ-9 இல் இரவில் மாடு படுத்திருக்கும், வேகமாக வரும் லொறிகளும் உண்டு. வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்கக் கூடாது.

ஓடத் தொடங்கிய முதல் நாள், சாரதித் தம்பி வளாகத்தில் நிறுத்தவில்லை. நேரே முறிகண்டிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்து, கச்சான் பை ஒன்றை உள்ளே நீட்டிவிட்டு, திரும்பி வந்துதான் எங்களை இறக்கினார்.

முதல் வாரங்களில் உள்ளே ஒரே அமைதி. விரிவுரையாளர் ஏறும்வரை மாணவர்கள் வெளியே நிற்பார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, அதற்கு இரண்டு வரிசை தள்ளிப் போவார்கள். "சேர் முன்னுக்கு இருங்கோ" என்று பின்னால் நெருக்கிக்கொண்டு இருந்தவர்கள் பலர். விரிவுரையாளரே ஒருநாள், ஏறுகிற ஒழுங்கில் பின்னாலிருந்து நிரப்புவோம் என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் பின் சீற்றில் போய் இருந்தார். பிறகு பேச்சு வந்தது. ஒரு விவசாய பீட மாணவி மண் மாதிரிப் பைகளை மடியில் வைத்திருக்க, விரிவுரையாளர் ஒவ்வொரு பையிலும் எழுதியிருந்ததை வாசித்து, எந்த வயலில் எந்த ஆழத்தில் எடுத்தது என்று பரந்தன் வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளைக்கு வகுப்பறையில் கிடைக்காத அரை மணித்தியாலம் அது.

திரும்பி வரும் நேரம்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது. அலுவலக ஊழியருக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். பிராக்டிக்கல் உள்ள மாணவர் அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் நிற்பார். காத்திருந்தால் ஊழியருக்குக் கோபம், காத்திராவிட்டால் மாணவருக்கு வான் எடுத்தே பயனில்லை. வட்சப் குழுவில் தினமும் இதே வாக்குவாதம். தீர்வு மாணவர்களிடமிருந்து வந்தது. வாரத்தில் எந்தெந்த நாள் பிராக்டிக்கல் பிந்தும் என்று எல்லாப் பீட நேரசூசிகளையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) எழுதிக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் வான் பிந்திப் புறப்படும், கடைசி ஆள் ஏறும்வரை நிற்கும். நேரத்தோடு வகுப்பு முடிந்த பிள்ளைகள் வெளிச்சம் இருக்கும்போதே சீசனில் அரச பஸ் எடுப்பார்கள். அவசரமுள்ள ஊழியரும் அந்த நாட்களில் அப்படியே. அந்தக் கொப்பி இன்றும் டாஷ்போர்டில் கிடக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரும் புதுப் பக்கம்.

2024 மே மாதம் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் நாடு முழுவதும் தொடங்கியது. நானும் அதில் நின்றேன். ஆய்வுகூடங்கள் பூட்டு, வான் வீட்டு வாசலில். எங்கள் ஒழுங்கின்படி நாங்கள் முழு மாதத்துக்கும் கொடுக்க வேண்டும், ஆனால் எங்கள் கையிலும் காசில்லை. தம்பியோடு இருந்து பேசினோம். பாதியை நாங்கள் கொடுத்தோம். மிச்சத்துக்கு அவர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றி இறக்கினார், கல்யாண வீடுகளுக்கு ஓடினார். ஒருவரும் குழுவை விட்டு விலகவில்லை. இப்படியான மாதங்களுக்கு என்ன செய்வது என்பதையும் அதன்பிறகு எழுதிவைத்தோம்.

இப்போது ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் எங்களைப்போல ஒன்று தொடங்கலாமா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். மாங்குளத்தில் ஏறி அறிவியல்நகர் நிலையத்தில் இறங்க ரயில் பாதை இருப்பதால், முதலில் ரயில் நேரம் ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வராவிட்டால் சாரதியிடம் போகுமுன் பின்னேர நேரசூசிகளைச் சேர்க்கச் சொல்லி, எங்கள் கொப்பியின் முதல் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.