கார்ன் ஸ்நேக் குட்டிக்கு ஒரு பெட்டி: நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 28, சனி. லெஸ்டர், இங்கிலாந்து

ஆகஸ்டில் முட்டையிலிருந்து வெளிவந்த, கார்ன் ஸ்நேக் என்னும் பாம்பின் குட்டி ஒன்றை எங்களுக்குத் தருவதற்கு, இந்நகரிலேயே பாம்பு வளர்க்கும் ஒருவர் இசைந்திருக்கிறார். குட்டியின் நீளம் ஏறத்தாழ 30 செ.மீ.; தடிமனோ பென்சில் அளவுகூட இல்லை. நாளைக்கே கொண்டுவந்துவிடலாம் என்று மகள் கெஞ்சுகிறாள். பெட்டியைத் தயார் செய்து, அதன் வெப்பம் சில நாட்கள் ஒரே நிலையில் நிற்பதைக் கண்ட பிறகுதான் குட்டி வரும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். தனக்கு வேண்டிய சூட்டைத் தன் உடலுக்குள் உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர் அது. நாம் அமைத்துத் தருவதைத் தவிர அதற்கு வேறு வெயில் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த நஞ்சில்லாத இனம். பிரிட்டனில் பல தலைமுறைகளாக வீடுகளிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வருகிறது. இதைப் பார்த்து நம் ஊர்ச் சாரையைப் பிடித்து வளர்க்க எவரும் எண்ணக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வளர்ந்த பாம்பு 120 முதல் 150 செ.மீ. வரை நீளும் என்பதால், பெரிய மரப்பெட்டியையே இப்போது வாங்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதன் முன்பக்கம் நகரும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. தலை நுழையும் இடத்தில் குட்டியின் உடலும் நுழைந்துவிடும். ஆகவே, 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உடைய, நான்கு பக்கமும் கொக்கியிட்டு மூடும் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினேன். குட்டி முழுவதுமாக உடலை நீட்டிப் படுக்க இது போதும். பக்கச் சுவர்களில் 3 மி.மீ. துளைகளை இட்டு, உள்விளிம்புகள் தோலைக் கீறாதபடி உப்புத்தாளால் தேய்த்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மட்டும், மின்சாரத்தால் சூடாகும் வெப்பப் பாயை வைத்து, சூடு தேங்காமலிருக்க நான்கு மூலைகளிலும் மரத்துண்டுகளால் பெட்டியைச் சற்று உயர்த்தினேன். பாயின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியின், வெப்பத்தை அறியும் உணர்கம்பியை உள்சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டதுதான் நான் செய்த பிழை. காற்று குளிர்ந்தே இருந்ததால் கருவி பாயை அணைக்கவே இல்லை. இரவு தரையை அளந்தபோது 39 டிகிரி காட்டியது. குட்டி உள்ளே இருந்திருந்தால் அதன் வயிற்றுத்தோல் வெந்துபோயிருக்கும். சுடுகிறதென்று உணர்ந்து பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. இதை நினைத்து வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

அக்டோபர் 2, புதன்

உணர்கம்பியைப் பாய்க்கும் பெட்டியின் அடிப்பகுதிக்கும் இடையில், வெளிப்புறமாகப் பொருத்தினேன். பெட்டிக்குள் ஒட்டுநாடா எதையும் பயன்படுத்தக் கூடாது. பாம்பின் தோல் அதில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும் துன்பம். உள்தரை 30 டிகிரியில் நிற்கும்வரை கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். மறுமுனை 22 டிகிரி. வேண்டியபோது சூட்டுக்கும் போதுமென்றபோது குளிர்ச்சிக்கும் குட்டி தானே நகர்ந்துகொள்ள இந்த வேறுபாடு தேவை.

அக்டோபர் 4, வெள்ளி

வெப்பம் இரண்டு நாட்களாக மாறவில்லை. தரையில் ஆஸ்பென் மரச்சீவல் பரப்பினேன். தேவதாரு வகை மரத்தூளின் எண்ணெய் பாம்புக்குத் தீங்கு செய்யும். குளிர்முனையில் 3 செ.மீ. கனமும், சூடான முனையில் அதைவிடக் குறைவாகவும் இட்டேன்.

மறைவிடத்துக்குக் கடையில் விற்கும் பொம்மைப் பாறைகள் எனக்குப் பிடிக்கவில்லை. அவை குட்டிக்கு மண்டபம்போல் இருக்கும். சுற்றிலும் சுவர் உடலில் உரசினால்தான் பாம்பு தன்னைப் பாதுகாப்பாக உணரும். சட்னிக்கு உடைத்த தேங்காயின் இரண்டு சிரட்டைகளையும் சுரண்டி, கொதிநீரில் இட்டுக் காயவைத்து, விளிம்பில் சிறு வாசல் வெட்டி, முனைக்கொன்றாகக் கவிழ்த்தேன். இரண்டும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால், நல்ல மறைவிடம் இருக்கும் பக்கத்தை விட்டு நகர அஞ்சி, வேண்டிய வெப்பத்தைக் குட்டி இழக்க நேரும். கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம் குளிர்முனையில் இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

குட்டி வந்தது. துணிப்பையின் வாயைச் சிரட்டையருகே வைத்துத் திறந்ததும், நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, நேரே சீவலுக்குள் புகுந்துவிட்டது. முதல் உணவு எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை என்று மகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டேன். பகலில் பெட்டியின் மேல் பழைய துண்டு ஒன்றையும் போட்டு வைக்கிறோம்.

அக்டோபர் 12, சனி

உறைநிலையில் வாங்கி, இளக்கி, வெதுவெதுப்பாக்கிய ரோமமற்ற எலிக்குஞ்சு ஒன்றை இடுக்கியால் சிரட்டையின் வாசலில் வைத்துவிட்டு அகன்றோம். அரை மணி நேரத்தில் எலிக்குஞ்சு அங்கே இல்லை. மாலையில் பார்த்தபோது, உடலின் நடுவில் சிறிய புடைப்போடு பாம்புக்குட்டி சூடான முனையின் சிரட்டைக்குள் சுருண்டிருந்தது. உண்டது செரிக்க அதற்கு அந்தச் சூடு தேவை. இனி 48 மணி நேரம் தொடக்கூடாது என்பதை நான் நினைவூட்டும் முன்பே, மகள் தேதியையும் நேரத்தையும் எழுதி மூடியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தாள்.