வரம்பு விதிக்க இயலாது, அளக்கலாம்

1960-களின் இறுதியில் மின்னசோட்டா மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு முகமை, மான்டிசெல்லோவில் கட்டப்பட்டுவந்த அணுமின் நிலையத்துக்கு அனுமதி வழங்கியபோது, கதிரியக்கக் கழிவை வெளியேற்றுவதற்கு அமெரிக்க மத்திய அரசு வகுத்திருந்ததைவிடக் கடுமையான வரம்புகளை நிபந்தனையாக விதித்தது. மின் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. அணு உலையின் கதிரியக்கப் பாதுகாப்பு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மாநிலம் அதில் தனி விதி வகுக்க முடியாது என்பது அன்றிலிருந்து நிலைபெற்ற சட்டம். (1975-இல் மத்திய அரசே தன் வரம்புகளை இறுக்கி, ஓர் உலையின் திரவக் கழிவால் வெளியே வாழும் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 மில்லிரெமுக்கு மேல் கதிர்வீச்சு சேரக் கூடாது என்ற அளவுக்கு வந்தது. இயற்கையிலிருந்து மட்டும் ஓர் அமெரிக்கருக்குச் சேரும் சராசரி ஆண்டுக்குச் சுமார் 310 மில்லிரெம். மின்னசோட்டா கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.)

விதி வகுக்கும் உரிமையை இழந்த மாநிலங்களிடம் எஞ்சியது அளக்கும் உரிமை. நிலையத்தின் வேலிக்கு வெளியே உள்ள காற்றும் ஆறும் பாலும் மண்ணும் மாநிலத்தின் எல்லைக்குள் இருப்பவை. அவற்றைச் சோதிக்க மத்திய அரசின் அனுமதி தேவையில்லை. நிலையத்தை நடத்தும் நிறுவனமும் மத்திய உரிமத்தின்படி சுற்றுச்சூழல் மாதிரிகளைச் சேகரித்து ஆண்டறிக்கை தரத்தான் செய்கிறது. அப்படியிருக்க மாநிலம் ஏன் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும் என்ற கேள்வி, வரவுசெலவுத் திட்டம் வரும்போதெல்லாம் எழுகிறது. இந்தப் பணி எப்படி நடக்கிறது என்று அருகில் சென்று பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

நிலையத்தைச் சுற்றிக் கம்பங்களில் தொங்கும் சிறு கதிர்வீச்சு அளவிகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி, அவற்றில் சேர்ந்த மொத்த காமா கதிர்வீச்சைக் கணக்கிடுவார்கள். காற்றை இடைவிடாமல் உறிஞ்சும் பம்புகளில் ஒரு தூசி வடிதாளும், அயோடினைப் பிடிக்க ஒரு கரிக் குப்பியும் இருக்கும். வழக்கமாக வாரம் ஒருமுறை அவற்றை மாற்றுவார்கள். பால் இவை எல்லாவற்றிலும் முக்கியமான மாதிரி. பரந்த புல்வெளியில் படிந்த அயோடின்-131-ஐ ஒரு பசு நாள் முழுதும் மேய்ந்து ஒரே பாத்திரத்தில் திரட்டித் தந்துவிடுகிறது, அது நேராகக் குழந்தையின் தைராய்டு சுரப்பிக்குப் போய்ச் சேரக்கூடியது. அந்த அயோடினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள் என்பதால், மாதிரியை எடுத்து ஆய்வகத்தில் கிடப்பில் போட்டால் தேடும் பொருள் தானாகவே கரைந்துவிடும்.

காற்று வடிதாளின் காமா நிறமாலையில், அதாவது கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில், எனக்குப் பிடித்தது 478 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் எழும் சிறு முகடு. அது பெரிலியம்-7, விண்வெளிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தின் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தாக்கும்போது உருவாகி, தூசியோடு கீழே இறங்குவது. அணு உலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் நல்ல ஆய்வாளர் முதலில் அதைத்தான் தேடுவார். அது வழக்கமான அளவில் இருந்தால் பம்பு ஓடியிருக்கிறது, வடிதாள் கிழியவில்லை, கருவி சரியாக எண்ணுகிறது என்று பொருள். அந்த முகடே இல்லாத ஒரு தாளில் உலையிலிருந்து வரக்கூடிய சீசியமும் இல்லை என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. பாலில் இந்த வேலையை, அதில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 செய்கிறது. எதுவும் கண்டறியப்படவில்லை என்று ஒரு மாநில அறிக்கை சொல்லும்போது, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சான்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது.

அளந்த எண்ணைவிட அது எங்கே அளக்கப்பட்டது என்பது முக்கியமாகிவிட்ட நாள் 1979 மார்ச் 30. பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டில் இரண்டாம் உலை விபத்துக்குள்ளாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. வாஷிங்டன் அருகே மத்திய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலர் ஒருவர், வாயுத் தொட்டிகள் திறந்துகொண்டால் தரைமட்டத்தில் மணிக்கு 1,200 மில்லிரெம் இருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்ன சற்று நேரத்தில், நிலையத்தில் 1,200 மில்லிரெம் அளவிடப்பட்டதாகச் செய்தி வந்தது. உண்மையில் அது புகைபோக்கிக்கு நேர் மேலே ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த அளவு. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தது தற்செயல். ஆணையத்தின் தலைமையகமோ மக்களை வெளியேற்றும்படி பரிந்துரைத்தது. மாநிலத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு நிலையத்தோடு நேரடித் தொடர்பில் இருந்ததால், அது தரைமட்ட அளவு அல்ல என்று அறிந்து அந்தப் பரிந்துரையை எதிர்த்தது. ஆளுநர் தோர்ன்பர்க் முழு வெளியேற்றத்துக்கு உத்தரவிடவில்லை. ஆனால் நண்பகலுக்குப் பின் 5 மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று அறிவித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சுற்றியிருந்த சுமார் 20 லட்சம் பேருக்குச் சேர்ந்த சராசரி அளவு ஏறத்தாழ 1 மில்லிரெம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

அடுத்த ஆண்டு அதே உலைக் கட்டடத்தில் தேங்கியிருந்த சுமார் 43,000 கியூரி (கதிரியக்கத்தின் அலகு) கிரிப்டான்-85 வாயுவைக் காற்றில் வெளியேற்ற வேண்டி வந்தபோது, அதிகாரிகளின் எண்களை நம்ப ஊரார் தயாராக இல்லை. ஆகவே சுற்று வட்டார மக்களுக்கே பயிற்சி அளித்து, அவர்கள் கையில் கருவிகளைக் கொடுத்து அளக்கச் செய்தார்கள். நம்பிக்கை போன பிறகு செய்த ஏற்பாடு என்றாலும், செய்யவேண்டியதைச் செய்தார்கள்.

வேலியோரக் கருவிகளால் காண முடியாத ஒன்று டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன். அதன் பீட்டா கதிரின் உச்ச ஆற்றலே 18.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்தான். காற்றில் சில மில்லிமீட்டரைத் தாண்டாது. நீரோடு நீராகக் கலந்து நிலத்தடியில் நகரும் அதைக் கிணற்று நீரை எடுத்து ஒளிர்வுத் திரவத்தில் கலந்து எண்ணினால் மட்டுமே அறிய முடியும். இல்லினாய் மாநிலம் 6 நிலையங்களில் 11 உலைகளைக் கொண்டது. ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி காமா உணரிகளை வளையமாக நட்டு, தரவை நேரலையில் பெறும் அளவுக்கு முன்னேறிய மாநிலம் அது. அங்கேதான் பிரெய்ட்வுட் நிலையத்திலிருந்து காங்ககீ ஆற்றுக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயின் வால்வுகள் 1990-களிலிருந்தே பலமுறை கசிந்தன. வேலிக்கு வெளியே நிலத்தடி நீரில் டிரிட்டியம் பரவியிருப்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது 2005-இன் இறுதியில். ஒரு வீட்டுக் கிணற்றில் லிட்டருக்குச் சுமார் 1,500 பிக்கோகியூரி (ஒரு கியூரியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இருந்தது. குடிநீர் வரம்பு 20,000 என்பதால் உடல்நலக் கணக்கில் அது சிறிய எண்.

ஆனால் இன்னொரு எண்ணையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். குடிநீரில் டிரிட்டியத்தைத் தேடும் நிறுவனத்தின் ஆய்வகம் குறைந்தபட்சம் எவ்வளவைக் கண்டுபிடிக்கும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்பதற்கு மத்திய ஆணையத்தின் வழிகாட்டி குறிப்பிடும் அளவு 2,000 பிக்கோகியூரி. அந்த அளவுக்கு மட்டும் நுணுக்கமான ஒரு சோதனையில் இந்தக் கிணறு தேறிவிடும். அறிக்கையில் கண்டறியப்படவில்லை என்றே பதிவாகும், அதில் பொய்யும் இருக்காது. சில நூறு பிக்கோகியூரி வரை இறங்கி எண்ணும் ஆய்வகத்தை மாநிலம் தனக்கென வைத்திருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. வரம்பு மீறலைக் கண்டுபிடிப்பது அதன் முதன்மை வேலை அன்று. ஏதோ ஒரு குழாய் ஒழுகுகிறது என்பதை எண் சிறியதாக இருக்கும்போதே அறிவதுதான்.

நுணுக்கம் கூடினால் தொல்லையும் கூடும். 2011-இல் வெர்மான்ட் சுகாதாரத் துறை, முந்தைய ஆண்டு கனெக்டிகட் ஆற்றில் பிடித்த மீனின் தசையில் ஸ்ட்ரான்சியம்-90 இருப்பதாக அறிவித்தது. மீன் பிடித்த அதே 2010-இன் தொடக்கத்தில்தான் அந்த ஆற்றங்கரையில் உள்ள வெர்மான்ட் யாங்கி நிலையத்தின் நிலத்தடி நீரில் டிரிட்டியம் கசிந்திருப்பது தெரியவந்திருந்தது. அத்தகைய நிலத்தடிக் குழாய்களே இல்லை என்று முன்னர் சொல்லியிருந்த நிறுவனத்தின் மீது யாருக்கும் நம்பிக்கை இல்லை. எனவே பழி உடனே நிலையத்தின் மேல் விழுந்தது. ஆனால் மீன் பிடிபட்ட இடம் நிலையத்துக்குப் பல மைல் தொலைவில், ஆற்றின் மேல்புறத்தில். ஸ்ட்ரான்சியத்தின் அரை ஆயுள் 29 ஆண்டு. அணுகுண்டுச் சோதனைக் காலத்தின் படிவு இன்னும் எல்லா ஆறுகளிலும் கொஞ்சம் இருக்கிறது. நிலையம் தொடங்குவதற்கு முன்பிருந்தே அதே ஆற்றின் மேல்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் மீனின் தசையைச் சோதித்த நீண்ட பதிவு இருந்திருந்தால் இந்த விவாதம் ஒரு மாலையில் முடிந்திருக்கும். எதுவும் நடக்காத ஆண்டுகளின் சலிப்பூட்டும் அட்டவணைகள் பயன்படுவது இத்தகைய மாலைகளில்தான்.

மாநில எல்லை இந்த விஷயத்தில் பெரிய தடையல்ல. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள சீப்ரூக் நிலையத்தின் 10 மைல் அவசரநிலை வளையத்துக்குள் மாசசூசெட்ஸின் ஊர்களும் வருகின்றன. அங்கே மக்கள் அமைப்பு ஒன்று மாநில சுகாதாரத் துறையின் ஒப்பந்தத்தின் கீழ் காற்றுக் கண்காணிப்புக் கருவிகளை இயக்கிவருகிறது.

இல்லினாயில் இத்தகைய வேலைக்கான பணத்தின் பெரும்பகுதி இயங்கும் உலைகளிடம் கட்டணமாகப் பெறப்படுகிறது. உலை மூடப்பட்டால் மின்சாரம் நிற்கிறது, கட்டணத்துக்கான வாதமும் தளர்கிறது. ஆனால் எரிந்த எரிபொருள் அங்கேயே இருக்கிறது. வெர்மான்ட் யாங்கி 2014 டிசம்பரில் நின்றது, 2018-க்குள் அதன் எரிபொருள் முழுவதும் கான்கிரீட், எஃகுக் கலன்களுக்கு மாற்றப்பட்டது. அவற்றை எடுத்துச் செல்ல வேண்டிய நிரந்தர இடத்தை மத்திய அரசு இன்னும் திறக்கவில்லை. மூடிய நிலையங்களின் வேலிக் கம்பங்களில் அளவியை மாற்றும் ஊழியருக்கான சம்பளத்தை யார் கொடுப்பது என்பதை, உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டத்தில் எழுதிவைப்பது மாநிலங்களின் கையில் இருக்கிறது.