மழைநீர் டிரம் காலியாக இருந்தால்தான் வேலை செய்யும்

100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர் இறங்கும். அந்தக் கணக்கில், கூரைத் தண்ணீரைப் பிடிக்க வைக்கும் 200 லிட்டர் டிரம் 2 மி.மீ. மழைக்கே நிரம்பிவிடும். பிறகு எதற்கு டிரம் என்கிறீர்களா? தெருவில் கிடக்கும் எண்ணெய், டயர் தூள், நாய்க் கழிவை வாரிக்கொண்டு வடிகாலுக்கு ஓடுவது பெரும்பாலும் மழை தொடங்கியதும் ஓடும் முதல் தண்ணீர்தான். அந்த நேரத்தில் கூரைத் தண்ணீரும் அதோடு சேராமல் இருந்தாலே லாபம்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். செடிக்கு ஆகுமே என்று நிரப்பியே வைத்திருப்பார்கள். அடுத்த மழைக்கு உள்ளே இடமே இருக்காது. மழை நின்ற இரண்டொரு நாளில் குழாயைத் திறந்து மெதுவாக மண்ணில் விட்டுவிடுங்கள். குடிக்க வேண்டாம், அது கூரையைக் கழுவிய தண்ணீர்.

டிரம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் குழாய், உள்ளே வரும் குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. முக்கால் அங்குல ஓஸ் மாட்டினால் அடைமழையில் மூடி வழியே பொங்கி அஸ்திவாரத்தில் இறங்கும். வழிந்தோடும் குழாயின் முனையைச் சுவரைவிட்டுத் தள்ளி, செடிப்பாத்தியில் விடுங்கள்.

கொசுவலையை மேல்வாயில் மட்டும் கட்டினால் போதாது. வழியும் குழாயின் வாயிலும் கட்டுங்கள், கொசு அந்த வழியாகவும் நுழையும்.

நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல். ஆடாத மேடை முக்கியம்.