கதவுதான் பெட்டி

2024 மார்ச் 3, ஞாயிறு

காரில் புது ஸ்பீக்கர் மாட்டி ஒரு வாரம். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடை ஒன்றில் ஆறரை இன்ச் காம்போனென்ட் செட், மேல் ஓசைக்கான குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரோடு 7,200 ரூபாய். கடை வாசலில், அந்த ஹாரன் இரைச்சலுக்கு நடுவே, எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. இன்று தாம்பரம் பைபாஸில் ஒரு தவில் கச்சேரியைப் போட்டேன். தவிலின் வலது முகமான வலந்தலையில் விரல் கூடு விழுவது பளிச்சென்று வருகிறது. கனத்த ஓசை தருகிற இடது முகமான தொப்பியில் கழி விழுவதைக் காணோம். யாரோ எண்ணெய் டின்னைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. பழைய ஸ்பீக்கரே தேவலாம் என்று சொல்ல வாய் வருகிறது, 7,200 வந்து அடைக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

கடைக்குப் போன் போட்டேன். "ஆம்ப் இல்லாம பேஸ் எப்படி சார் வரும்? நாலு சானல் ஆம்ப், பின்னாடி பேஸுக்குன்னே ஒரு சப்வூஃபர். இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம்."

தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை. ஸ்டீரியோ முகப்பில் 50W x 4 என்று அச்சடித்திருப்பது ஒரு நொடி உச்சத்துக்கான எண். காரின் 14 வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால், தொடர்ந்து சுத்தமாகக் கிடைப்பது சானலுக்கு 20 வாட் பக்கம்தான். ஆனால் அந்த 20 வாட்டிலேயே ஹாலில் இருக்கிற பெட்டி ஸ்பீக்கர் வீட்டை அதிர வைக்கிறதே?

மார்ச் 9, சனி

மன்னார்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். இருபத்தேழு வருஷம் மைக் செட் வைத்திருந்த மனுஷன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழ் என்று தென்னை மரம் தென்னை மரமாக ஹார்ன் கட்டியவர். அந்த ஹார்னுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காதில் மேல் ஓசை போய்விட்டது. ட்வீட்டர் பாடுகிறதா என்று அவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

அவர் காதைக் கொடுக்கவே இல்லை. கீழே இறங்கி, கதவின் வெளித்தகட்டில் உள்ளங்கையை வைத்தார். "தகடுதான்டா பாடுது" என்றார். அடுத்து, "பேலன்ஸை ஒரு பக்கமா தள்ளு." வலது பக்கம் மட்டும் பாடியபோது தொப்பி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நடுவுக்குக் கொண்டுவந்ததும் மறுபடி காணோம். ரெண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் கூடத்தானே வேண்டும், குறைகிறதே! அப்பா சிரித்தார். "ஒண்ணு மாத்திக் குடுத்திருக்கான். பென்சில் செல் இருக்கா?"

மார்ச் 10, ஞாயிறு

ரெண்டு கதவு அட்டையையும் கழற்றினேன். மூன்று கிளிப் உடைந்தது. ஸ்டீரியோவை வெளியே இழுத்து, அதன் பின்னால் வருகிற ஸ்பீக்கர் வயரில் அப்பா ஒன்றரை வோல்ட் செல்லைத் தொட்டார். பிளஸ் பிளஸ்ஸோடு சேர்ந்தால் கோன், அதாவது ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற கூம்பு, வெளியே துள்ள வேண்டும். வலதுக்குச் சாம்பல் வயர், கறுப்புக் கோடு போட்டது மைனஸ். தொட்டதும் டப்பென்று கோன் வெளியே வந்தது. இடதுக்கு வெள்ளை வயர். தொட்டார். உள்ளே போனது. இன்னொரு தடவை. உள்ளேதான்.

ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. தாழ்ந்த சுரம்தான் முதலில் சாகும். கடையில் முனையை மாற்றி மாட்டிவிட்டார்கள், ஒரு வாரம் நான் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாற்றிப் போட்டதும் தொப்பி வந்துவிட்டது. பாதிதான்.

மீதி எங்கே என்று அட்டையில்லாத கதவைப் பார்த்தாலே தெரிகிறது. உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ரெண்டு ஓட்டை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். "பெட்டி இல்லாத ஸ்பீக்கரு" என்றார் அப்பா. "முன்னாடி தள்ளுற காத்தைப் பின்னாடி போறது வந்து தின்னுடும். உனக்குக் கதவுதான் பெட்டி. இப்படி ஓட்டையா வச்சிருந்தா?"

மார்ச் 17, ஞாயிறு

கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க, மாடிக் கூரைக்கு ஒட்டுகிற தார் ஷீட் மலிவு என்று ஒருவர் சொன்னார். சித்திரை வெயிலில் மூடிய கார் எப்படிக் கொதிக்கும் என்று தெரிந்தவர்கள் அந்த வேலைக்குப் போகக்கூடாது, உருகி வழியும், நாற்றம் போகாது. ரெண்டு மில்லி மீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட், ஒரு பக்கம் அலுமினியம், அதைத்தான் வாங்கினேன்.

வெளித்தகட்டை முழுக்க மூடத் தேவையில்லை. நடுப்பரப்பில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் அழுத்தி ஒட்டினால் தகட்டின் துள்ளல் அடங்கிவிடும். ரோலரைப் போட்டு அலுமினியத்தின் மேடுபள்ளம் மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும். உள்தகட்டு ஓட்டைகளுக்கு அலுமினியத் தகடு வெட்டி வைத்து அதன்மேல் ஷீட். பூட்டுக் கம்பி ஓட இடம் விட்டேன். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் தொடவில்லை, அடைத்தால் கதவு துருப்பிடித்துப் போகும். ஸ்பீக்கரைத் தாங்கின பழைய எம்.டி.எஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) வளையம் ஈரத்தில் ஊறிப் பிட்டு மாதிரி உதிர்ந்தது. பிளாஸ்டிக் வளையம் போட்டு, சுற்றி ஃபோம் வைத்து இறுக்கினேன். தகட்டு விளிம்பு ரெண்டு விரலைக் கிழித்துவிட்டது.

முன்பு கதவை விரல் முட்டியால் தட்டினால் "டங்". இப்போது "டொக்". கழி விழுகிறது, விழுந்த இடத்தில் நிற்கிறது.

மார்ச் 23, சனி

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசையை வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டரை ஸ்டீரியோவில் வைத்தேன். இந்த ஸ்பீக்கரால் முடியாத ஆழத்தை அதன் தலையில் கட்டாமல் விட்டால் வால்யூம் ஏற்றினாலும் பிசிறு இல்லை. பேஸ் பூஸ்ட் பூஜ்யம். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டுகளின் குட்டு இப்போது வெளிப்பட்டுவிட்டது, ஜால்ரா "ஷ்ஷ்" என்று அரைக்கிறது. அழித்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

பாடகர் எப்போதும் என் வலது முழங்காலில் உட்கார்ந்தே பாடுகிறார். அந்த ஸ்பீக்கர்தானே கிட்டே இருக்கிறது. மனைவியின் தையல் டேப்பால் அளந்தேன். வலது ஸ்பீக்கரிலிருந்து என் காதுக்கு 95 செ.மீ., இடது 140. வித்தியாசம் 45. ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 செ.மீ. போகும் என்றால், வலதை 1.3 மில்லி செகண்ட் தாமதப்படுத்த வேண்டும். ஸ்டீரியோ மெனுவில் அதற்கு ஒரு பக்கமே இருக்கிறது, இத்தனை நாள் திறந்து பார்க்கவில்லை.

போட்டதும் பாடகர் எழுந்து போய் டேஷ்போர்டு நடுவில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் வண்டியை எடுக்காமல் வாசலிலேயே இருந்தேன்.

இடது சீட்டில் மனைவி: "எனக்கு மொத்தமும் இந்தக் கதவுலேருந்தே கொட்டுதுங்க." சரிதான், அவளுக்கு இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும். தாமதம் இல்லாத செட்டிங்கை ரெண்டாம் பட்டனில் வைத்துக்கொடுத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. அப்பாவை மன்னார்குடியில் விடப் போனோம். திண்டிவனம் தாண்டினதிலிருந்து இடது கதவில் ஒரு "கிர்ர்". தொப்பி விழும்போதெல்லாம் வருகிறது. பூட்டுக் கம்பி உரசுகிறது, மறுபடி அட்டையைக் கழற்ற வேண்டியதுதான் என்று நான் புலம்ப, டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அப்பா இறங்கி வெளித்தகட்டில் கையை வைத்தார். தலையசைத்தார், தகடு அடங்கித்தான் இருக்கிறது. உள்பக்கம் அட்டையைத் தடவிக்கொண்டே வந்தவர், கதவுப் பாக்கெட்டுக்குள் கைவிட்டார். பென்சில் செல்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டிவி ரிமோட்டுக்கு ஆகும்."