வெள்ளிச் சுருளில் ஆரோனின் ஆசீர்வாதம்

எருசலேமுக்குச் செல்லும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் ஒலிவ மலையும் கெத்செமனேயும் கல்லறை ஆலயமும் தவறாமல் இருக்கும். பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் கெத்தேஃப் இன்னோம் என்ற பாறைச் சரிவு பெரும்பாலும் இருக்காது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் புனித அந்திரேயா ஆலயத்தை ஒட்டி, கூரை இடிந்து வானம் பார்த்துக் கிடக்கும் அந்தக் கல்லறைக் குகைகளில் கும்பிடுவதற்கு ஒரு சந்நிதியோ ஏற்றுவதற்கு ஒரு மெழுகுவர்த்தியோ கிடையாது. ஆயினும், சிறுவயது முதல் ஆராதனையின் முடிவில் தலை குனிந்து கேட்டுவந்த, மோசேயின் அண்ணனும் முதல் பிரதான ஆசாரியனுமான ஆரோனின் ஆசீர்வாதம் எத்தனை பழையது என்பதை நான் உணர்ந்துகொண்டது அங்கேதான்.

யூத அரசர்களின் காலத்தில் வசதி படைத்த குடும்பங்கள் பாறையைக் குடைந்து இத்தகைய கல்லறைகளை அமைத்தார்கள். இறந்தவரைக் கிடத்தும் கல் மேடைகளும், தலை வைப்பதற்குச் செதுக்கிய குழிவுகளும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. உடல் மக்கிய பின் எலும்புகளையும் உடன் வைத்த பொருள்களையும் மேடைக்குக் கீழே உள்ள அறைக்குள் சேர்ப்பது வழக்கம். முன்னோரோடு சேர்க்கப்பட்டான் என்று வேதம் சொல்வதன் கண்கூடான வடிவத்தை அங்கே காணலாம். 1979ஆம் ஆண்டில் தொல்லியல் அறிஞர் கேப்ரியல் பர்காய் தலைமையில் நடந்த அகழாய்வில், கொள்ளையர் கைபடாமல் தப்பிய அப்படிப்பட்ட ஓர் அறையிலிருந்து இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. நம் ஊரில் வெள்ளித் தகட்டில் எழுதிச் சுருட்டிக் கட்டிக்கொள்ளும் தாயத்தைப் போல, அவற்றையும் யாரோ கழுத்தில் அணிந்திருந்திருக்க வேண்டும்.

அவற்றை உடையாமல் விரிப்பதற்கு ஆண்டுகள் பிடித்தன. இப்போது இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகடுகளில் பெரியது விரித்த நிலையில் பத்து சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை; சிறியது ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே. நுனி கூரிய கருவியால் கீறிய பண்டைய எபிரெய எழுத்துகளை வெறுங்கண்ணால் படிப்பது அரிது என்பதால், அருகிலுள்ள விளக்கப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் உள்ள ஆசாரிய ஆசீர்வாதத்தின் சொற்கள் இரண்டிலும் இருக்கின்றன. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தவை என்று கணிக்கப்படும் இவை, சவக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய வேத ஏடுகளான சவக்கடல் சுருள்களைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தவை. அதாவது சாலொமோன் கட்டிய ஆலயத்தில் பலிபீடம் புகைந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டியவை.

என்னை அதிகம் அசைத்தது ஆசீர்வாதம் அன்று, பெரிய தகட்டில் அதற்கு மேலே இருந்த வரிகளே. தம்மில் அன்புகூர்ந்து தம்முடைய கட்டளைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கு உடன்படிக்கையையும் கிருபையையும் காக்கிறவர் என்று, உபாகமத்திலும் நெகேமியாவின் ஜெபத்திலும் நாம் படிப்பதைப் போன்ற சொற்களில் அங்கே கடவுள் அழைக்கப்படுகிறார். ஒரே வெள்ளித் தகட்டில் முதலில் உடன்படிக்கை, அதன்பின் ஆசாரியனின் வாய்ச்சொல். வரிசை தற்செயலாகவே அமைந்திருக்கலாம். ஆனால் ஆசாரியத்துவத்தைப் பற்றி மோசேயின் ஆகமங்கள் சொல்வதும் இதே வரிசையில்தான் இருக்கிறது.

சீனாய் மலையடிவாரத்தில் மோசே பலியின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேலும், உடன்படிக்கையின் புஸ்தகத்தை வாசித்து மக்களின் சம்மதத்தைக் கேட்டபின் மறுபாதியை அவர்கள்மேலும் தெளித்தபோது, ஆரோன் இன்னும் ஆசாரியனாக அபிஷேகம் பெற்றிருக்கவில்லை. ஆசாரிய ராஜ்யமாயிருப்பீர்கள் என்ற வாக்கு முதலில் முழு இனத்துக்கும் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகே ஒரு குடும்பம் தனியே பிரிக்கப்படுகிறது. அப்போதும் லேவியராகமம் 8ஆம் அதிகாரத்தில் இரத்தம் பூசப்படுவது வலது காதின் மடலிலும், வலது கையின் பெருவிரலிலும், வலது காலின் பெருவிரலிலும். ஆளுவதற்கான முடிசூட்டாக எனக்கு அது தோன்றவில்லை; கேட்கவும் செய்யவும் நடக்கவும் ஒருவனைக் கடமைப்படுத்தும் சடங்காகவே தோன்றுகிறது. பிரதான ஆசாரியன் சந்நிதிக்குள் நுழையும்போது மார்ப்பதக்கத்தின் 12 கற்களிலும் தோள்களின் இரு கோமேதகக் கற்களிலும் சுமந்து சென்றது தன் பெயரை அன்று, இஸ்ரவேலின் 12 கோத்திரங்களின் பெயர்களை. தேசம் பங்கிடப்பட்டபோது இந்தக் குடும்பத்துக்கு நிலப் பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. நானே உன் பங்கு என்று சொல்லிக் கடவுள் நிறுத்திக்கொண்டார்.

ஆசாரியனுக்கான தடைகளுள் ஒன்றை அந்தக் கல்லறைச் சரிவில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆரோனின் வழிவந்தவர்கள் மிக நெருங்கிய உறவினருக்காக அன்றி, இறந்தவர்களால் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாது என்கிறது லேவியராகமம் 21. பிரதான ஆசாரியனுக்குத் தாய் தகப்பனுக்காகக்கூட விலக்கு இல்லை. இன்றும் அந்த வம்சத்தார், அதாவது கோஹனிம், கல்லறைத் தோட்டங்களுக்குள் நுழைவதைத் தவிர்க்கிறார்கள். ஆசாரியன் கால் வைக்க முடியாத அந்தக் குகைக்குள் அவனுடைய சொற்கள் மட்டும் இறந்தவரோடு சென்று, ஏறத்தாழ 2600 ஆண்டுகள் எலும்புகளுக்கு நடுவே கிடந்திருக்கின்றன. அதுவும் இன்னோம் பள்ளத்தாக்கின் மேலே! பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட தோப்பேத் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தது என்று எரேமியா கதறுகிறார். அவரும் ஆனதோத்தூர் ஆசாரியர் குடும்பத்தில் பிறந்தவரே.

ஆசாரியர்கள் எல்லாரும் அந்தச் சுமைக்குத் தகுந்தவர்களாக இருந்துவிடவில்லை. மல்கியாவின் 2ஆம் அதிகாரம் ஆசாரியர்களை நோக்கியே பேசுகிறது; ஆரோனின் கோத்திரத் தந்தையான லேவியோடு செய்த உடன்படிக்கையை நீங்கள் கெடுத்துப்போட்டீர்கள் என்று குற்றம் சாட்டி, உங்கள் ஆசீர்வாதங்களையே சாபமாக்குவேன் என்று எச்சரிக்கிறது. பதவிக்கு உடன்படிக்கை காவல் நிற்காது, உடன்படிக்கைக்கே பதவி காவல் நிற்க வேண்டும் என்று நான் அதைப் படிக்கிறேன். நம் திருச்சபைத் தேர்தல் காலங்களில் இந்த அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதாகத் தெரியவில்லை.

கூடாரப் பண்டிகையின் நடுநாள்களில் மேற்குச் சுவரின் முன்னே கோஹனிம் திரளாகக் கூடி ஆசீர்வாதம் கூறுவார்கள் என்று கேள்விப்பட்டு, விடியற்காலையிலேயே அங்கே சென்றிருந்தேன். அந்தச் சுவர் ஆலயத்தின் சுவரன்று. ஏரோது ஆலய மலையை அகலப்படுத்தியபோது எழுப்பிய தாங்குசுவர். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்த பிறகு பலியும் தூபமும் நின்றுபோயின. ஆசாரியனின் பணிகளில் இன்றும் நாள்தோறும் தொடர்வது இந்த ஆசீர்வாதமே. பேரீச்சங் குருத்தும் கிச்சிலி இனத்தைச் சேர்ந்த எத்ரோக் கனியும் ஏந்திய குடும்பங்கள் முற்றத்தை நிறைத்திருக்க, பெண்களுக்கான பகுதியில் தடுப்பை ஒட்டி எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

கோஹனிம் செருப்புகளைக் கழற்றிவிடுகிறார்கள். ஆலயம் அழிந்தபின் யோகனான் பென் சக்காய் என்ற ரபி, அதாவது யூத மத ஆசான், ஏற்படுத்திய விதி அது. லேவியர் அவர்கள் கைகளில் தண்ணீர் வார்க்கிறார்கள். ஜெபச் சால்வையைத் தலைக்கு மேல் போர்த்து, அதற்குள்ளேயே கைகளை உயர்த்தி விரல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆரோனின் பரிசுத்தத்தால் எங்களைப் பரிசுத்தப்படுத்தி, உம்முடைய மக்களாகிய இஸ்ரவேலை அன்போடு ஆசீர்வதிக்கக் கட்டளையிட்டவர் என்று முதலில் கடவுளைத் துதிக்கிறார்கள். பிறகு ஜெபத்தை நடத்துபவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, நூற்றுக்கணக்கான குரல்கள் அதைத் திருப்பிச் சொல்கின்றன. முதல் வரியில் 3 சொற்கள், இரண்டாவதில் 5, மூன்றாவதில் 7 என்று அது விரிகிறது. மக்கள் அந்தக் கைகளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. என்னைச் சுற்றி நின்ற தாய்மார்கள் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தங்களோடு அணைத்துக்கொண்டார்கள். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர் என்று தமிழில் மனத்துக்குள் சொல்லியபடியே நானும் தலை குனிந்தேன். உன்னை என்று ஒருமையில், ஒவ்வொருவரையும் தனித்தனியே விளிக்கும் வாசகம் அது.

அந்த மூன்று வரிகளுக்கு அடுத்த வசனத்தில்தான் காரியமே இருக்கிறது: "இவ்விதமாய் அவர்கள் என் நாமத்தை இஸ்ரவேல் புத்திரர்மேல் கூறக்கடவர்கள், அப்பொழுது நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்." ஆசாரியன் நாமத்தைக் கூறுகிறான்; ஆசீர்வதிப்பவர் வேறொருவர். இதனாலேயே ஒரு கோஹேனின் தனிப்பட்ட நடத்தையில் குறை இருந்தாலும் அவன் ஆசீர்வாதம் பயனற்றதாகிவிடாது என்று யூத மரபு பொதுவாகக் கருதுகிறது. ஆனால் சபையோடு பகை கொண்டிருப்பவன் அன்றைக்குக் கையை உயர்த்தக் கூடாது என்கிறார்கள். அன்போடு என்ற சொல்லைத் துதியில் சொல்லிவிட்டு மனத்தில் பகையோடு நிற்க இடமில்லை.

ஆசீர்வாதம் யாரை எட்டும் என்பதையும் ரபிகள் நுணுகி விவாதித்திருக்கிறார்கள். ஆசாரியருக்குப் பின்னால் நிற்பவர்கள் அதில் சேர்வதில்லை என்று ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூலாகிய தால்முத்தின் சோத்தா பகுதி கூறுகிறது. எனவே முன்னால் வர முடிந்தவர்கள் வந்து நிற்க வேண்டும். வயலில் வேலை செய்பவர்களோ, வர முடியாமல் போனவர்கள் என்பதால், எங்கே இருந்தாலும் அதில் சேர்ந்தவர்களே. நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, இஸ்ரவேலுக்கும் பரலோகத்தில் இருக்கும் அவர்களுடைய பிதாவுக்கும் இடையே இரும்புச் சுவர்கூடப் பிரிவினை ஆகாது என்று யோசுவா பென் லேவி என்ற ரபி விடை சொல்லியிருக்கிறார்.