சிமெண்ட் பூசி கெடுத்த சுவர்

தாத்தா கட்டிய ஊர் வீட்டுச் சுவர், அடியில் இடுப்பளவுக்கு உப்பு பூத்துப் பொரிந்து கிடந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் "சிமெண்ட் பூசினால் கல்லு மாதிரி நிற்கும்" என்று சொன்னவர் பேச்சை நம்பிப் பூசியது நான்தான். கல்லு மாதிரிதான் நின்றது, பூச்சு மட்டும். உள்ளே செங்கல் மாவாகிவிட்டது.

விஷயம் இதுதான். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடுவதால் ஈரமும் உப்பும் செங்கலுக்குள்ளேயே தங்கி அதை அரிக்கின்றன.

இந்த முறை தேடிப்பிடித்த கொத்தனாருக்கு எழுபது வயசு இருக்கும். கரணைக் கைப்பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். 'பொத்'தென்று ஒலித்த இடமெல்லாம் கொத்தி எடுக்கச் சொன்னார். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிச் சுண்ணாம்பையும் மணலையும் அரைத்தோம். வீடு முழுக்க மிட்டாய்க்கடை வாசம், எறும்புக்குத்தான் கொண்டாட்டம்!

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும்தான். 1636இல் கட்டியது. 1866-72இல் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுதுபார்த்தார்கள். இன்னும் நிற்கிறது.

ஒரே தொல்லை, சுண்ணாம்பு அவசரப்படாது. இரண்டாவது பூச்சுக்கு இன்னும் பத்து நாள் ஆகுமாம். "வெயில் நேரா படாம சாக்கை நனைச்சுத் தொங்க விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தினமும் காலையும் மாலையும் சாக்கு நனைப்பதுதான் இப்போது என் வேலை.